பிரேக்கா, ஆக்சிலரேட்டரா: கால் சொல்வதும் வண்டி சொல்வதும்

ராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளிலோ ஏர்வாடி தர்கா அருகிலோ, நிறுத்த இடம் தேடி ஊர்ந்துகொண்டிருந்த தானியங்கி கியர் கார் ஒன்று திடீரெனச் சீறிப் பாய்ந்து கூட்டத்துக்குள் புகுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநர், "பிரேக்கைத்தான் மிதித்தேன், வண்டி நிற்கவில்லை" என்பார். முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வழக்கமான தொடர் இடம்பெறும். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துவிட்டு, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல என்று எழுதுவார். மூன்றுமே நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவையாக இருக்கலாம். ஆனால் ஓட்டுநரின் கால் எந்தப் பெடலில் இருந்தது என்பதை இவற்றில் ஒன்றுகூட நிறுவுவதில்லை.

1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகப் பாய்வதாகப் புகார்கள் குவிந்தன. அந்நாட்டு அரசின் ஆய்வு 1989-இல் வெளியானபோது, பெரும்பாலான நிகழ்வுகளில் பிரேக் என்று எண்ணி ஆக்சிலரேட்டர் மிதிக்கப்பட்டிருப்பதாக அது முடிவு கூறியது. அதே ஆண்டில் ரிச்சர்ட் ஷ்மிட் என்ற உளவியலாளர் இதற்கு விளக்கம் அளித்தார்: காலை நகர்த்த மூளை சரியான கட்டளையையே இடுகிறது; தசைகள் அதை நிறைவேற்றும்போதுதான் ஒவ்வொரு முறையும் சிறு பிசகு நேர்கிறது. பின்னால் பார்ப்பதற்காக உடம்பைத் திருப்பி அமர்ந்திருந்தால் அந்தப் பிசகு கூடும். பிரேக்கை மிதிக்க எண்ணியவருக்குத் தாம் மிதித்தது பிரேக் என்றே தோன்றுவதால், வண்டி பாய்ந்ததும் இன்னும் பலமாக அழுத்துகிறார். அழுத்த அழுத்த வேகம் கூடுகிறது. ஆகவே அவருடைய வாக்குமூலத்தைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. உணர்ந்ததைத்தான் அவர் சொல்கிறார். கிளட்ச் உள்ள வண்டியில் இடக்கால் கிளட்சை மிதித்ததும் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகாது என்பதால் ஆபத்து குறைவு. தானியங்கி கியரில் அந்தக் காப்பு இல்லை.

அனுபவமும் இதற்கு முழுக் காப்பு ஆகாது. 2024 ஜூலையில் சியோல் நகர மன்றம் அருகே 9 பேரைக் கொன்ற காரை ஓட்டியவர் பல்லாண்டு அனுபவமுள்ள பேருந்து ஓட்டுநர். வண்டி தானாகப் பாய்ந்தது என்றே அவர் வாதிட்டார். காரின் பதிவுக் கருவி ஆக்சிலரேட்டர் மிதிக்கப்பட்டதைக் காட்டியது. அவருடைய காலணியின் அடியில் அந்தப் பெடலின் தடமும் கிடைத்தது.

வண்டியின் மீதும் குற்றம் இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. 2009, 2010-இல் டொயோட்டா திரும்பப் பெற்ற லட்சக்கணக்கான கார்களில், தரைவிரிப்பு பெடலைச் சிக்கவைப்பதும், மிதித்த பெடல் மெதுவாகத் திரும்புவதும் மெய்யான கோளாறுகளாக இருந்தன. மின்னணுக் கோளாறைத் தேடிய நாசா, 2011 அறிக்கையில் அத்தகைய சான்று கிடைக்கவில்லை என்றது. ஆனாலும் 2013-இல் ஓக்லஹோமா ஜூரி ஒன்று மென்பொருள் குறைபாட்டு வாதத்தை ஏற்று அந்நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம் கடற்கரையில் இதற்கு வேறு முகங்களும் உண்டு. பாம்பனிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் மீன் ஏற்றிச் செல்லும் பழைய வண்டிகளில், ஐஸ் உருகி வடியும் உப்புநீரும் காற்றில் வரும் மணலும் ஆக்சிலரேட்டர் கேபிளைத் துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடக்கூடும். டீசல் எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவின் சீல் தேய்ந்தால், கசியும் எஞ்சின் ஆயிலையே எரித்து அது கட்டுக்கடங்காமல் சுழலும். அப்போது சாவியை அணைத்தாலும் பயனில்லை. கிளட்ச் வண்டியானால், பிரேக்கை அழுத்தியபடி உயர் கியரில் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும்.

முழு வேகத்தில் முடுக்கப்பட்ட காரையும் நல்ல நிலையிலுள்ள பிரேக் நிறுத்திவிடும், தூரம்தான் கூடும். ஆனால் பெட்ரோல் எஞ்சின் முழு வீச்சில் இயங்கும்போது, பிரேக்குக்கு வலுச் சேர்க்கும் வெற்றிடம் புதிதாக உருவாவதில்லை. சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிகளுக்கே போதும். விட்டு விட்டு மிதிப்பவர் அதைத் தீர்த்துவிட்டு, கல்லாய் இறுகிய பெடலோடு போராடுவார். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவதே சரி. ஓட்டுநர் உரிமத்துக்காக ஹெச் போட்டுக் காட்டும் தேர்வில் இதற்கு இடமே இல்லை. ஊர்ந்து செல்லும் வண்டியில் கை காலை ஒருங்கிணைப்பதைத்தான் அது சோதிக்கிறது.

இனி காவல்துறைக்கு வருவோம். காற்றுப்பை கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவு வசதி உள்ள கார்களில், மோதலுக்கு முந்தைய சுமார் 5 விநாடிகளின் வேகம், ஆக்சிலரேட்டர் அழுத்தம், பிரேக் நிலை ஆகியவை தங்கியிருக்கும். காற்றுப்பை விரிந்திருந்தால் பதிவு பூட்டப்பட்டுவிடும். விரியாத மோதலின் பதிவு பின்னர் அழிந்து, அதன் மேல் புதிய பதிவு எழுதப்படலாம் என்பதால், சாவியைப் போட்டு வண்டியை ஓட்டிப் பார்ப்பதே சான்றைக் கெடுக்கும். இப்பதிவும் வண்டியின் மின்னணுவே தரும் எண்தான். அதைத் தனியாக நம்பாமல், கடைக் கேமராவில் பிரேக் விளக்கு எரிந்ததா என்பதோடும், தரைவிரிப்பின் கிடப்போடும், காலணியோடும் ஒப்பிட வேண்டும். கேமராப் பதிவு சில வாரங்களில் தானே அழிந்துவிடும். அரிச்சல்முனைச் சாலையில் டயர் தடத்தைக் காற்று மணல் மூட வாரங்கள் தேவையில்லை, ஒரு பொழுது போதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின்படி, ஆய்வு நடைமுறைகள் முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். பதிவை எடுக்காமலே நடைமுறை முடிந்ததாகக் கணக்குக் காட்டினால், பணிமனையில் காற்றுப்பைப் பெட்டி மாற்றப்பட்டதும் ஓட்டுநருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் பொதுவான முக்கியச் சாட்சி பறிபோகும். என் பார்வையில் விசாரணை அதிகாரி பதில் சொல்லியாக வேண்டிய இடம் இதுவே. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கை 90 நாட்களிலும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்ல வேண்டும். பதிவுக் கருவி படிக்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று அந்த விரிவான அறிக்கையைப் பார்த்து இருதரப்பு வழக்கறிஞர்களும் கேட்கலாம். படித்திருந்தால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவு கேட்கும், ஹாஷ் எண்ணுடன் (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) கூடிய சான்றிதழும், நிபுணரின் கையொப்பமும் அதனோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.