வாளையாறு தாண்டினால் வரி என்ன ஆகும்?

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்குச் சேலத்தை விடக் கேரளாவின் கஞ்சிக்கோடு பக்கம், எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டினால் ஊர் வந்துவிடும். ஆனால் சேலத்திலிருந்து இரும்பு வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 9 என்று இரண்டு வரி இருக்கும், கஞ்சிக்கோட்டில் வாங்கினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் வரி) 18 என்று ஒன்றுதான். இரண்டும் 18 சதவீதம்தானே, அப்புறம் எதற்கு இந்தப் பிரிவினை? வாங்குகிறவர் கொடுக்கிற பணத்தில் வித்தியாசமே இல்லை. அது யார் கணக்கில் விழுந்து கடைசியில் எந்த அரசுக்குப் போகிறது என்பதுதான் மாறுகிறது.

ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு முன்னால் இது வேறு கதை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய விற்பனை வரி இருந்தது, வாங்குகிற வியாபாரி சி ஃபாரம் என்ற படிவத்தைக் கொடுத்தால் 2 சதவீதம், அதை விற்கிற மாநிலமே வைத்துக்கொள்ளும். வாங்கியவரால் அந்த 2 சதவீதத்தைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது, அப்படியே அடக்க விலையில் ஏறிவிடும். கேரளாக்காரர் விலை குறைவாகச் சொன்னாலும் உள்ளூரிலேயே வாங்கியதற்கு இது ஒரு காரணம். வாளையாறு செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றது இன்னொரு காரணம்.

ஜிஎஸ்டியில் சரக்கு எங்கே பயன்படுகிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் மாநிலப் பங்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கஞ்சிக்கோட்டிலிருந்து 1,00,000 ரூபாய்க்கு இரும்பு, ஐஜிஎஸ்டி 18,000. அதைக் கடைந்து பார்ட்ஸ் செய்து கோவையிலேயே ஒரு கம்பெனிக்கு 1,50,000க்கு விற்றால் வசூலிக்க வேண்டியது சிஜிஎஸ்டி 13,500, எஸ்ஜிஎஸ்டி 13,500. வாங்கும்போது கொடுத்த 18,000 ஐஜிஎஸ்டி இப்போது கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை; அதில் 13,500ஐ சிஜிஎஸ்டிக்குக் கழித்து, மீதி 4,500ஐ எஸ்ஜிஎஸ்டிக்குக் கழித்தால், ரொக்கமாகக் கட்டுவது 9,000 மட்டும். மத்திய அரசு அந்த 4,500ஐத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்துவிடும், ஆகத் தமிழ்நாட்டுக்கு முழு 13,500ம் வந்து சேர்கிறது. அப்போது கேரளாவுக்கு? ஒன்றுமில்லை. கஞ்சிக்கோட்டு மில் தன்னுடைய கேரள எஸ்ஜிஎஸ்டி கிரெடிட்டை வைத்து ஐஜிஎஸ்டியைக் கட்டியிருந்தால், அந்தத் தொகையைக் கேரளா மத்திய அரசுக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும். சரக்கு போகிற வழியிலேயே வரியும் போகிறது, இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஐஜிஎஸ்டி கிரெடிட் இப்படி எதற்கும் கழியும். சிஜிஎஸ்டி கிரெடிட்டால் எஸ்ஜிஎஸ்டியைக் கழிக்க முடியாது, எஸ்ஜிஎஸ்டி கிரெடிட்டால் சிஜிஎஸ்டியையும் கழிக்க முடியாது. அதனால் வெளிமாநிலப் பில் சிலருக்கு வசதிதான்.

ஆனால் பில்லைப் பார்த்து வாங்க வேண்டும். ஜிஎஸ்டி நம்பரின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29. உங்கள் 33 நம்பரைப் போடாமல், நேரில் வந்த ஆளுக்குக் கொடுப்பது போலக் கேரள எஸ்ஜிஎஸ்டி போட்டுவிட்டால் அது இங்கே கழியாது, பில்லை மாற்றித்தான் வாங்க வேண்டும். அதோடு விற்றவர் தன் ரிட்டர்னை (வரிக் கணக்கை) போட்டால்தான் உங்கள் கிரெடிட் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் கிரெடிட் ஏறும். "பார்ட்டி இன்னும் ரிட்டர்ன் போடலைங்க" என்று ஆடிட்டர் சொன்னால் அந்த மாதம் கைப்பணம்தான். சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி ஏற்பாடான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கோ கிரெடிட்டே கிடையாது, 18 சதவீதமும் அடக்கத்தில் ஏறிவிடும், பாலக்காட்டுக்கு விற்கவும் முடியாது.

சரி, சரக்கு சீனாவிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தால்? மதிப்பு 1,00,000, சுங்க வரி 7.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 7,500, அதன்மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி 750. இந்த 1,08,250க்குத்தான் 18 சதவீத ஐஜிஎஸ்டி, அதாவது 19,485. வரிக்கு மேல் வரி. 19,485 கிரெடிட்டாகத் திரும்பி வரும், 8,250 வராது. இன்னொன்று, இந்த ஐஜிஎஸ்டியைப் பழைய கிரெடிட்டை வைத்துக் கட்ட முடியாது, ரொக்கமாகக் கட்டினால்தான் சரக்கு வெளியே வரும். விற்பனை மெதுவாக நடக்கிற பட்டறைக்கு அந்தப் பணம் மாதக்கணக்கில் முடங்கும், வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தால் வட்டி தனி. பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவத்தில்) உங்கள் ஜிஎஸ்டி நம்பர் சரியாக ஏறியிருக்கிறதா என்று க்ளியரிங் ஏஜென்ட்டிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள், அப்புறம் திருத்துவது பெரிய அலைச்சல்.