குடிபோகும் வீட்டில் இதற்கு முன் யார் இருந்தார்கள்?

வீடு பார்க்கப் போகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள்? வாசல் எந்தத் திசை, மழைக்கு வெள்ளம் ஏறுமா, கார் நிறுத்த இடம் உண்டா, தமிழ்ப்பள்ளி பக்கமா. கொஞ்சம் பயந்த சுபாவம் என்றால், இங்கே யாராவது அகாலமாக இறந்தார்களா என்றும் மென்று விழுங்கிக் கேட்பார்கள். இதற்கு முன் இங்கே நாய் இருந்ததா என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. பினாங்கில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு, வீடு மாறிய கையோடு நோயில் விழும் நாய் பூனைகள் விஷயத்தில் அந்தக் கேள்விதான் பல நேரம் துப்புக் கொடுக்கிறது.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு பழைய வரிசை வீட்டுக்குக் குடிவந்த குடும்பம், தங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தது. "ஏக்கம் டாக்டர், பழைய வீட்டையே நினைச்சுக்கிட்டு சாப்பிட மாட்டேங்குது" என்றார் வீட்டுக்கார அம்மா. ஏக்கத்தில் ஈறு வெளுக்காது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிக் கிடந்தது. அடிவயிற்றில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். முன்னங்காலின் விரலிடுக்கை விரித்தால் இரண்டு உண்ணிகள். ரத்தத்தைச் சோதித்ததில் தட்டணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. உண்ணிக் காய்ச்சல்.

"வீடு பல மாசமா பூட்டியே கிடந்துச்சு டாக்டர். பெயின்டெல்லாம் அடிச்சுத்தான் வந்தோம். உண்ணி எங்கிருந்து வரும்?"

"பக்கத்து வீட்டில் பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்கக்கா" என்றேன். மறுநாளே போனில் பதில் வந்தது. முன்பு குடியிருந்தவர்கள் பின்கட்டில் காவலுக்கு நாய் கட்டி வைத்திருந்தார்களாம். அது எந்தத் தூணில் கட்டிக் கிடந்தது என்பது வரைக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நினைவிருந்தது.

நம் ஊரில் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணிக்குப் புல்லும் காடும் தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே அதன் வாழ்க்கை முழுதும் நடந்துவிடும். ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது. அதனால்தான் காலி வீடு சுத்தமான வீடு என்று நினைக்க முடிவதில்லை. குடிபோகுமுன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, படிக்கட்டின் அடிப்பக்கம், பின்கட்டுத் தூண் ஆகியவற்றைப் பாருங்கள். உண்ணி மேல்நோக்கி ஏறும் என்பதால் கூரை ஓரத்தையும் விட்டுவிட வேண்டாம். நாய்க்கு உண்ணி மாத்திரையை வீடு மாறுவதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால், வீட்டில் பூனை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும். பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்தைப் பூனையின் கழுத்தில் தடவிவிட்டுப் பதறி ஓடி வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளுக்குக் குடிபோகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் போய் விசாரிக்க வேண்டும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை அந்த வீடுகளில் குறைந்த வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருந்தார்கள். 1999 முடிவோடு அந்தப் பாதுகாப்பு போனது. வாடகை எகிறியதும் பலர் கிளம்பினார்கள், நிறைய வீடுகள் காலியாயின. சிலவற்றில் மாடி ஜன்னலை அடைத்துவிட்டுக் சூப்புக்கு விலைபோகும் கூட்டுக்காக வாலிட் குருவி வளர்த்தார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்த நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் குருவிப் பண்ணைகளை வெளியேற்றும் வேலை சூடு பிடித்தது. இன்று அழகாகப் புதுப்பித்து வாடகைக்கு விடும் ஒரு வீட்டின் மாடி, ஒரு காலத்தில் எச்சம் மண்டிக் கிடந்த இடமாக இருந்திருக்கலாம்.

உத்திரத்தின் மேல், பலகைக்கு அடியில் எல்லாம் பறவை எச்சம் காய்ந்து தூளாகக் கிடக்கும். அதிலும் புறா எச்சத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை பூனையின் மூக்கைப் பாதிக்கும். சும்மா விளக்குமாற்றால் கூட்டித் தூசியைக் கிளப்பாமல், நனைத்து அள்ளச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்புண்டு. சுரண்டும்போது பறக்கும் தூள் பூனையின் மயிரில் படியும், பூனையோ நாளெல்லாம் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து, கழுவித் துடைத்த பிறகே விலங்குகளைக் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்காரர் சீக்கிரம் சாவி தருகிறார் என்பதற்காக அவசரப்படாதீர்கள்.

எலி மருந்து இன்னொரு தலைவலி. நடுமுற்றத்துச் சாக்கடை ஓரத்திலும் கூரைக்குள்ளும் முன்னவர்கள் வைத்துவிட்டுப் போனது அப்படியே இருக்கும். நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்று நிறம் ஏற்றிய தானியமோ கட்டியோ கண்டால் கையுறை போட்டு எடுத்துவிடுங்கள். நாய் தின்ற அன்று ஒன்றும் தெரியாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்து என்றால், சில நாள் கழித்துத்தான் இருமலோ மூக்கில் ரத்தமோ வரும். அதற்கு வைட்டமின் கே1 உண்டு, சீக்கிரம் வந்தால் பிழைக்கும். எலி மருந்துப் பாக்கெட் கிடைத்தால் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள்.

அப்புறம், பால் காய்ச்சும் நாள். என் கணக்கில் வீடு மாறுவதிலேயே ஆபத்தான நாள் அதுதான். விடியற்காலையில் கணபதி ஹோமம், வாசற்கதவு திறந்தே கிடக்கும், சொந்தபந்தம் வந்து போய்க்கொண்டிருக்கும். புது இடத்தில் திசை தெரியாத பூனை வெளியே பாய்ந்தால் தேடிப் பிடிப்பது கஷ்டம். கிளியோ லவ்பேர்ட்ஸோ வைத்திருப்பவர்கள் ஹோமப் புகையும் சாம்பிராணியும் படாத இடத்தில், முடிந்தால் அன்றைக்கு உறவினர் வீட்டில், கூண்டை வைத்துவிடுங்கள். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. கற்பூரப் பாக்கெட்டைத் தரையில் வைக்காதீர்கள், நாய் தின்றால் வலிப்பு வரும். பூசணிக்காயை உடைத்ததும் உள்ளே போட்ட காசுகளை எண்ணி எடுங்கள். குங்குமம் அப்பிய ஒரு சில்லறைக் காசை எக்ஸ்ரேயில் நாயின் வயிற்றுக்குள் பார்த்திருக்கிறேன்.

தரையைக் கழுவும்போதும் கவனம். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகளில் பெரும்பாலானவை பூனைக்கு ஆகாதவை. அதன் ஈரலால் அவற்றை முறிக்க முடியாது. ஈரத்தில் நடந்து, பாதத்தை நக்கினாலே போதும்.

பூனைக்கு முதலில் ஓர் அறை மட்டும் போதும். மணல் தட்டு, சாப்பாடு, துவைக்காத ஒரு பழைய போர்வை. நன்றாகச் சாப்பிட்டு உலாவத் தொடங்கிய பிறகு மற்ற அறைகளைத் திறந்துவிடலாம். வெளியே விடும் பழக்கம் இருந்தாலும் இரண்டு மூன்று வாரமாவது உள்ளேயே இருக்கட்டும், இல்லையென்றால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். ஒழுங்காகத் தட்டில் போய்க்கொண்டிருந்த பூனை புது வீட்டில் ஒரே மூலையில் சிறுநீர் கழித்தால், அங்கே வேறொரு பூனையின் வாடை இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பழைய கறை ஒளிரும். என்சைம் கலந்த கழுவுநீர்தான் அதைப் போக்கும், பினாயில் போக்காது.

அடுக்குமாடிக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் நிர்வாகத்தின் வீட்டு விதிகளை வாங்கிப் படியுங்கள். 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, பிறருக்குத் தொந்தரவான விலங்கு என்று எழுத்துபூர்வமாக நோட்டீஸ் வந்தால் 3 நாளுக்குள் அகற்ற வேண்டும். 3 நாளில் ஒரு நாய்க்கு எங்கே இடம் தேடுவது? பால்கனிக்கு வலை அடிக்க அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நாய் லைசன்சில் முகவரியை மாநகர் மன்றத்தில் மாற்ற வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அந்த நோய் தலைகாட்டியது மறந்திருக்காது. மைக்ரோசிப் போட்டிருந்தால் அதில் இருப்பது வெறும் 15 இலக்க எண்தான். உங்கள் பெயரும் போன் நம்பரும் பதிவேட்டில் இருக்கும். நம்பர் மாறியிருந்தால், லோரிக்கு முன்பணம் கட்டும் அன்றே அதையும் மாற்றிவிடுங்கள்.