1,180-ல இருந்து 18% கழிச்சா 1,000 வராதுங்க

இந்த மாசமும் ஒரு ஹார்ட்வேர் கடை கணக்கு வந்துச்சு, அதுலயும் அதே தப்பு. ஜிஎஸ்டி வந்து 2017 ஜூலையில இருந்து இத ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிட்டிருக்கேன், இனி எழுதியே போட்டுடறேன், தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

கடைக்காரர் டேக்ஸ் சேர்த்துத்தான் விலை சொல்றார். பைப்பு, ஃபிட்டிங்ஸ் எல்லாம் சேர்த்து 1,180 ரூபா, கஸ்டமரும் குடுத்துட்டு போயிடறார். ராத்திரி கல்லா எண்ணி முடிச்சதும் அவர் பையன் மொத்த சேல்ஸ எக்செல்ல போட்டு அதுக்கு 18% கண்டுபிடிச்சு கழிச்சுடறாப்ல. 1,180-க்கு டேக்ஸ் 212 ரூபா 40 பைசா, சரக்கு விலை 967 ரூபா 60 பைசா. ஆனா உண்மையில சரக்கு 1,000, டேக்ஸ் 180.

ஏன் இப்படி ஆகுது? கூட்டுன அதே சதவீதத்த கழிச்சா பழைய விலை திரும்ப வந்துடும்னு ஒரு நம்பிக்கை, படிச்சவங்க கிட்டயும் இருக்கு. வராதுங்க. 100 ரூபாய்க்கு 50% கூட்டுங்க, 150. இப்ப 150-ல 50% கழிங்க, 75 தான் வரும். ஏன்னா முதல்ல 50% எடுத்தது 100-க்கு, ரெண்டாவது எடுத்தது 150-க்கு. ஜிஎஸ்டியும் அதேதான். 18% போட்டது 1,000 ரூபா சரக்கு மேல, நீங்க 18% எடுக்கறது டேக்ஸும் சேர்ந்த 1,180 மேல, அப்ப டேக்ஸுக்கே டேக்ஸ் கட்டறீங்க. நம்பலன்னா அந்த 967.60-க்கு 18% கூட்டிப் பாருங்க, 1,141 ரூபா சொச்சம்தான் வரும், 1,180 எங்க போச்சு?

செல்போன் கால்குலேட்டர்ல 1,180 மைனஸ் 18% னு தட்டினாலும் இதே 967.60 தான் காட்டும். கால்குலேட்டர் மேல தப்பு இல்ல, நீங்க கேட்டத அது சொல்லுது.

செய்ய வேண்டியது வகுத்தல். 18% சரக்கா, மொத்தத்த 1.18-ஆல வகுங்க. 5% னா 1.05. 40% னா 1.4. வர்றது சரக்கு விலை, மீதி டேக்ஸ். சிஜிஎஸ்டி (மத்திய அரசோட ஜிஎஸ்டி) விதி 35-லயே இது இருக்கு, மொத்தத்த வரி விகிதத்தால பெருக்கி, 100 கூட அந்த விகிதத்த சேர்த்து வர்ற எண்ணால வகுக்கணும்னு. அந்த 18%-ல பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு (எஸ்ஜிஎஸ்டி), அதனால சிலர் 9% சிஜிஎஸ்டிக்கு ஒரு தடவ, 9% எஸ்ஜிஎஸ்டிக்கு ஒரு தடவனு ரெண்டு தடவ 1.09-ஆல வகுக்கறாங்க, அதுவும் தப்பு, ரெண்டும் ஒரே சரக்கு விலை மேல போடறது.

32 ரூபாதானே போனா போகுதுனு சொல்றவங்களுக்கு: மாசம் டேக்ஸோட 5,90,000 வியாபாரம்னு வெச்சுக்கோங்க. கட்ட வேண்டியது 90,000. இவங்க கணக்குல 1,06,200. மாசம் 16,200, வருஷத்துக்கு 1,94,400, அதுவும் உங்க லாபத்துல இருந்து. இன்னொரு பக்கமும் இருக்கு, 4,83,800-னு சரக்கு விலைய மட்டும் தட்டி, டேக்ஸ சாஃப்ட்வேர் போட்டுக்கட்டும்னு விட்டா 87,084 தான் வரும், 2,916 குறைவு, அதுக்கு வருஷத்துக்கு 18% வட்டி, கூடவே விற்பனையும் குறைச்சுக் காட்டின மாதிரி ஆகும். ஒரே தப்பு, எங்க தட்டறீங்களோ அதப் பொறுத்து ரெண்டு பக்கமும் வெட்டும்.

2025 செப்டம்பர் 22-ல ஏசிக்கு 28%-ல இருந்து 18% ஆனப்ப கடைக்கு கடை சண்டை. 38,400 ரூபா ஏசிக்கு 10% குறைச்சாச்சே, 3,840 கம்மி பண்ணுங்கனு கஸ்டமர் நிக்கறார், கடைக்காரருக்கும் பதில் சொல்லத் தெரியல. சரக்கு விலை 30,000, அதுக்கு 18% போட்டா 35,400, குறைய வேண்டியது 3,000. மொத்த விலையில பார்த்தா அது 7.8% தான். யாரும் யாரையும் ஏமாத்தல, கணக்கு தெரியாம கத்தினாங்க.

ஏமாத்தறது வேற. எம்ஆர்பி-ல எல்லா வரியும் அடக்கம், அதுக்கு மேல ஜிஎஸ்டினு பில் போடறது சட்டப்படி தப்பு, கஸ்டமரா இருந்தா நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்க. கடைக்காரங்களே, டிஸ்கவுன்ட் குடுத்தா மொதல்ல அத கழிச்சுட்டு அப்புறம் வகுங்க. 590 ரூபா எம்ஆர்பி, 10% போக 531, அத 1.18-ஆல வகுத்தா 450, டேக்ஸ் 81. 5% சரக்கும் 18% சரக்கும் கலந்து வித்தா மொத்தத்துக்கும் ஒரே எண்ணால வகுக்காதீங்க, தனித்தனியா பிரிங்க. பில்லிங் சாஃப்ட்வேர்ல ஐட்டம் ஏத்தும்போதே விலை டேக்ஸோடவா டேக்ஸ் இல்லாமலானு கேக்கும், அவசரத்துல எதையாவது டிக் பண்ணாதீங்க. காம்போசிஷன்ல (சின்ன வியாபாரிங்க மொத்த வியாபாரத்துல ஒரு சின்ன சதவீதத்த மட்டும் கட்டற திட்டம்) இருக்கற வியாபாரிங்களுக்கு இந்த வகுத்தலே கிடையாது, நீங்க கஸ்டமர் கிட்ட டேக்ஸ் வாங்கவே கூடாது.

இன்னைக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. போன மாச 3பி ரிட்டர்ன (விற்பனையும் டேக்ஸும் காட்டி ஜிஎஸ்டிக்கு போடற கணக்கு) எடுத்து சரக்கு மதிப்பையும் டேக்ஸையும் பாருங்க. 18% சரக்கு மட்டும் விக்கறவங்கனா சரக்கு மதிப்ப 1.18-ஆல பெருக்குங்க, கல்லா மொத்தத்தோட ஒத்துப்போகுதா? போகலன்னா அடுத்த ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்காம உங்க ஆடிட்டர கூப்பிடுங்க. ஒரு நிதியாண்டு தப்ப திருத்த அடுத்து வர்ற நவம்பர் 30 வரைக்கும்தான் நேரம், அதுக்கு முன்னாடியே வருடாந்திர ரிட்டர்ன் போட்டுட்டா அன்னிக்கே அந்த நேரமும் முடிஞ்சுடும்.