9 புள்ளி ஓட்டு சரிந்தால் 64 சீட் போவது எப்படி?

அமெரிக்க இடைக்காலத் தேர்தல் வரும்போதெல்லாம் வாசகர்கள் கேட்பது இது: ஓட்டு கொஞ்சம்தானே மாறியது, சீட் மட்டும் ஏன் இப்படிக் கொட்டுகிறது?

உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ நடக்கும் நம்மூர் இடைத்தேர்தல் அல்ல இது. அதிபருக்கு 4 ஆண்டு; பிரதிநிதிகள் சபையின் 435 பேருக்கும் 2 ஆண்டுதான். அதிபரின் காலம் பாதி கடந்ததும் சபை முழுவதும், செனட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் மக்களிடம் திரும்பிப் போகின்றன.

ஒபாமா வென்ற 2008-இல் ஜனநாயகக் கட்சிக்கு 257 சீட், 2010-இல் 193. போனது 64. (நடுவே நடந்த இடைத்தேர்தல்கள், கட்சித் தாவல் எல்லாம் சேர்த்து 63 என்று எழுதுவோரும் உண்டு.) மற்றவர்களை விட்டுவிட்டு இரு பெரிய கட்சிகளின் ஓட்டை மட்டும் 100 என்று வைத்தால், அதன் பங்கு 55.5-இலிருந்து 46.5-க்கு இறங்கியது. ஓட்டில் 9 புள்ளி போக, சீட்டில் 14.7 புள்ளி போயிருக்கிறது. வகுத்தால் 1.6. இந்த 1.6 எங்கிருந்து வந்தது?

காகிதத்தில் 0 முதல் 100 வரை ஒரு கோடு போடுங்கள். தொகுதிக்கு ஒரு நாணயம் எடுத்து, அங்கே கட்சி வாங்கிய சதவீதத்துக்கு நேரே வையுங்கள். ஒரே எண்ணுக்குப் பல வந்தால் அடுக்குங்கள். 435-ஐயும் வைத்தால் மேடு பள்ளமாக ஒரு குவியல் தெரியும். 50-க்கு வலப்பக்கம் இருப்பவை வென்றவை. இனி எல்லா நாணயத்தையும் 9 புள்ளி இடப்பக்கம் தள்ளுங்கள். 80-இல் இருந்தது 71-க்கு வரும், அந்த எம்.பி.க்குத் தூக்கம் கெடாது. 30-இல் இருந்தது முன்பே தோற்றது. 50-க்கும் 59-க்கும் நடுவில் நின்றவை மட்டும்தான் தாண்டி விழும். அந்த 9 புள்ளி அகலத்துக்குள் 64 நாணயம் என்றால் புள்ளிக்கு 7. சபையில் ஒரு புள்ளி என்பது 4.35 சீட். 7-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள், அதே 1.6! காற்று எவ்வளவு வீசியது என்பது பாதிக் கணக்கு. 50-ஐ ஒட்டி எத்தனை நாணயம் நின்றது என்பது மீதி.

ஏன் அங்கே நின்றன? 2008 அலையில் ஏறியவை அவை. அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெயின் முந்திய தொகுதிகளிலேயே ஏறத்தாழ 50-இல் சபை சீட் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்திருந்தது. 2008-இல் 62 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2010-இல் 41-க்கு இறங்க, அலையைக் கொண்டுவந்தவர்களில் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 1930 முதல் 2022 வரை அதிபர் கட்சி இடைக்காலத்தில் சபை சீட்டைக் கூட்டியது 1934, 1998, 2002 ஆகிய மூன்றே முறை. டி.வி. அலசல்காரர்கள் இதை ஏதோ சாபம் மாதிரிச் சொல்வார்கள். பரிகாரம் சொல்லாததுதான் பாக்கி.

நீங்களே கணக்குப் போட்டால் இடறும் இடங்கள் இரண்டு. எதிராளி நிற்காத தொகுதி 100 என்று காட்டும். அதை அப்படியே வைக்காமல், அங்கே பதிவான அதிபர் ஓட்டிலிருந்து மதிப்பிடுங்கள். அடுத்து, எல்லாத் தொகுதியும் ஒரே அளவு நகராது. ஓரிடத்தில் கூடியது இன்னோரிடத்தில் குறைவதால் மொத்தம் ஓரளவு சரியாக வரும். தனித் தொகுதிக்கு இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

நாணயங்களை வேண்டுமென்றே நகர்த்தவும் முடியும். எதிர்க்கட்சி ஓட்டைச் சில தொகுதிகளில் 80 வரை குவித்துவிட்டு, தன் ஓட்டை 55, 56 என்று பரப்பினால் போதும். 2010-இல் பல மாநில சட்டமன்றங்களையும் பிடித்த குடியரசுக் கட்சி தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைந்தது. நகரங்களில் ஜனநாயக ஓட்டு தானாகவே குவிந்து கிடப்பதும் அதற்கு உதவியது. 2012-இல் ஜனநாயகக் கட்சிக்கு 48.8 சதவீத ஓட்டு, 201 சீட். குடியரசுக் கட்சிக்கு 47.6 சதவீதம், 234 சீட். எல்லை வரையும் வேலையை ஆளுங்கட்சியிடம் விடவே கூடாது என்பது என் கருத்து.

2022-இல் ஜனநாயகக் கட்சியின் பங்கு சுமார் 3 புள்ளி சரிந்தது. 222 சீட் 213 ஆனது. புள்ளிக்கு வெறும் 3. 1.6 இருந்த இடத்தில் இப்போது 0.7. 50-ஐ ஒட்டிய பகுதியில் தள்ளிவிட நாணயமே அவ்வளவாக இல்லை.