ஹை எண்டு ஐஇஎம் போட்டா காதுக்கு ஒண்ணும் ஆகாதா?

காது டெஸ்டுக்கு வர்ற பசங்கள்ல இப்போ புதுசா ஒரு கூட்டம் சேர்ந்திருக்கு, வடசென்னையில தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம், இருபத்தஞ்சு முப்பது வயசு, காதுல ஐஇஎம் (காதுக் குழாய்க்குள்ள சொருகுற இயர்போன்), பாக்கெட்ல டாங்கிள் (போனுக்கும் இயர்போனுக்கும் நடுவுல மாட்டுற குட்டி ஆம்ப்), கழுத்துல பின்னல் கேபிள். ஆடியோமீட்டர ஆன் பண்றதுக்கு முன்னாடியே "மேடம் இது சாதா இயர்போன் இல்ல, ஹை எண்டு, இதுல காதுக்கு ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்லிடுறாங்க. ஆடியாலஜிஸ்டா எனக்கு பதில் சொல்லியே ஆகணும்னு தோணுற வரி இதுதான்.

முதல்ல ஒண்ணு, அந்த செட்டுங்க நல்லாதான் இருக்கு. சில பேரு குடுத்து நானும் கேட்டிருக்கேன். மிருதங்கத்துல வலந்தலையில விரல் படுறது தனியா, தொப்பியில உள்ளங்கை விழுறது தனியா கேக்குது, பாடுறவங்க அடுத்த வரிக்கு மூச்சு இழுக்குறது கூட தெரியுது. சிக்கலே இந்த சுத்தத்துலதான் இருக்கு. முந்நூறு ரூபா இயர்போன்ல சத்தத்த ஏத்தினா கரகரன்னு கத்தும், காது கூசும், நாமளே குறைச்சிடுவோம். சத்தம் ஜாஸ்தின்னு நமக்கு புரியறதுல அந்த கரகரப்புக்கும் பங்கு இருக்கு. நல்ல ஐஇஎம்ல டிஸ்டார்ஷன், அதாவது அந்த கரகரப்பு, ரொம்ப கம்மி, அதனால அதே சத்தத்துல அது கத்தாது, கூசாது, இன்னும் கொஞ்சம் ஏத்துன்னுதான் கை போகும். காதுக்குள்ள சத்தத்த வாங்குற முடி செல்லுக்கு சுத்தமான 95 டெசிபலும் 95தான், போன செல்லு திரும்ப முளைக்காது.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு, பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிடும், 83ல 20, 86ல 10, 89ல 5, 92 வந்துட்டா ரெண்டரை மணி நேரம்தான், அதுவும் நாளைக்கு இல்ல, முழு வாரத்துக்கு. இத சொன்னா எல்லாரும் போன்ல இருக்குற வால்யூம் பர்சன்டேஜ காட்டுறாங்க, "அறுபதுலதான் மேடம் வெக்குறேன்". அந்த அறுபதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஐஇஎம்மோட சென்சிடிவிட்டி, அதாவது அதே பவருக்கு எவ்ளோ சத்தம் குடுக்கும்ங்குறது, ஒவ்வொண்ணுக்கும் வேற, டாங்கிள் மாறினா பவர் மாறும், சாதா ஜாக்ல இருந்து 4.4 எம்எம் பேலன்ஸ்டுங்குற வேற ஜாக்குக்கு மாத்தினா நிறைய டாங்கிள்ல வோல்டேஜ் டபுள் ஆகும், அதாவது கிட்டத்தட்ட 6 டெசிபல் ஏறும், வால்யூம நீங்க தொடவே இல்ல ஆனா வாரத்துக்கு பத்து மணி நேரம் கேக்கலாம்னு இருந்தவங்க ரெண்டரை மணி நேரத்துக்கு வந்துட்டீங்க. பேலன்ஸ்டுல போட்டதும் மேடை விரிஞ்சிடுச்சு (பாட்டு அகலமா கேக்குது), பேஸ் இறங்கிடுச்சுன்னு சொல்றதுல பாதிக்கு மேல இதுதான்னு என் அபிப்பிராயம். சத்தம் ஏற ஏற பேஸும் ட்ரெபிளும் (கீச்சு சத்தம்) நம்ம காதுக்கு நிறைஞ்சு கேக்கும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1933லயே இத அளந்து காட்டிட்டாங்க. அதனால கடையில ரெண்டு செட்ட மாத்தி மாத்தி கேக்கும்போது சத்தம் ஜாஸ்தியா வர்றதுதான் ஜெயிக்கும், அதுல 2 டெசிபல் வித்தியாசம் இருந்தாலே போதும், நமக்கு அது சத்தமா தெரியாது, டீடெயிலா தெரியும். சத்தத்த சமமாக்கிட்டு கேளுங்க, அப்புறம் லட்ச ரூபா குடுக்குறதா வேணாமான்னு பாருங்க.

இன்னொன்னு, ஒரு செட்ட பத்தி அடுத்தவங்க சொல்ற அனுபவம் அவங்க காதுக்குள்ள நடந்தது. காதுக் குழாய் சுமாரா 2.5 சென்டிமீட்டர் நீளம், திறந்திருக்கும்போது 3000 ஹெர்ட்ஸ் பக்கம் அது தானாவே சத்தத்த தூக்கிக் குடுக்கும், ஐஇஎம்ம சொருகி அடைச்சதும் அந்த கணக்கே மாறிடும், எவ்ளோ ஆழம் போகுதுங்குறத பொறுத்து ட்ரெபிள்ல சத்தம் தூக்கலா கேக்குற இடம் (பீக்) நகரும். ஒருத்தருக்கு ஸ்ஸ்ஸ்னு குத்துற அதே செட் இன்னொருத்தருக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். வயசு வேற இருக்கு, நாப்பது தாண்டினவங்க நிறைய பேருக்கு 16000 ஹெர்ட்ஸ் கேக்கவே கேக்காது, அவங்க ட்ரெபிள பத்தி பக்கம் பக்கமா பேசுறத நீங்க அப்படியே எடுத்துக்கக் கூடாது.

என்கிட்ட அடிக்கடி வர்ற கம்ப்ளைன்ட் "லெஃப்ட் சைடு டல்லா இருக்கு". கேபிள் மாத்தி, காதுக்குள்ள போற ரப்பர் டிப்ஸ் மாத்தி, செட்டையே வித்துட்டு பிரைட்டா, அதாவது ட்ரெபிள் தூக்கலா, ஒண்ணு வாங்கிட்டு வருவாங்க. பாதி நேரம் ஐஇஎம் வாயில இருக்குற சின்ன வலையில குறும்பி அடைச்சிருக்கும், சுத்தம் பண்ணா சரியாயிடும். மீதி பேருக்கு டெஸ்ட் வரைபடமான ஆடியோகிராம்ல 4000 ஹெர்ட்ஸ்ல பள்ளம் விழுந்திருக்கும், அதாவது அந்த இடத்துல கேக்குறது குறைஞ்சிருக்கும், சத்தத்தால வர்ற பாதிப்புக்கு அதுதான் அடையாளம். அவங்க ட்ரெபிள் பத்தலன்னு இன்னும் பிரைட்டா, இன்னும் ஏத்தி வெச்சு கேக்குறாங்க, பள்ளம் இன்னும் ஆழமாகுது. நம்ம ஏரியாவுல இதுக்கு மேல ஒரு விஷயம் இருக்கு. பகல் முழுக்க பட்டறையில கிரைண்டிங், ஷீட் அடிக்குறது, காதுக்கு ஒண்ணுமே போடுறதில்ல, அந்த வாரத்துக் கணக்கு வேலையிலயே தீர்ந்துடுது, சாயங்காலம் கேக்குற பாட்டு எல்லாமே கடன்தான். பட்டறையில இயர் பிளக் போடுங்கன்னு சொன்னா சிரிக்குறாங்க.

ஐஇஎம்ல உண்மையாவே காதுக்கு நல்லது ஒண்ணு இருக்கு, அது விலையில இல்ல, சீல்ல, அதாவது காத நல்லா அடைக்குறதுல இருக்கு. நிறைய ஐஇஎம் உள்ள இருக்குற பேலன்ஸ்டு ஆர்மேச்சர்ங்குற குட்டி ஸ்பீக்கர் ஹியரிங் எய்டுல இருந்து வந்ததுதான், 1991ல வந்த எட்டிமோட்டிக் ஈஆர்-4ங்குற ஐஇஎம்ம பண்ணதும் காது ஆராய்ச்சி ஆளுங்கதான். டிப் சரியா உக்காந்தா வெளிச் சத்தம் 20 டெசிபலுக்கு மேலயே குறையும். கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போகும்போது ட்ரெயின் சத்தத்த ஜெயிக்குறதுக்காக ஏத்த வேண்டிய அவசியமே வராது. வீட்ல ராத்திரி அமைதியா இருக்கும்போது போதும்னு தோணுற இடத்துல வால்யூம நிறுத்துங்க, வெளிய அத தாண்டாதீங்க, பத்தலன்னா டிப் சைஸ மாத்துங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் இருக்கணும்னு கிடையாது. ஆனா அவ்ளோ இறுக்கமா போட்டுட்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ட கிராஸ் பண்ணாதீங்க, கன்டெய்னர் லாரி ஹாரன் உங்களுக்கு கேக்காது.

நம்ம ஊரு புழுக்கத்துக்கு வேர்வையோட டிப்ஸ மணிக்கணக்கா வெச்சிருந்தா காதுல பூஞ்சை வரும், வாரம் ஒரு தடவை டிப்ஸ கழட்டி கழுவி நல்லா காய வெச்சு போடுங்க, ஃப்ரெண்டோடத வாங்கிப் போடாதீங்க.

கேட்டு முடிச்சதும் காதுல ஙொய்ங்னு இருந்தாலோ பஞ்சு வெச்ச மாதிரி இருந்தாலோ அன்னிக்கு சத்தம் ஜாஸ்தி. மறுநாளும் போகலன்னா டெஸ்ட் எடுக்கணும். திடீர்னு ஒரு காது மட்டும் கேக்காம போச்சுன்னா எனக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, குறும்பியா இருக்கும்னு எண்ணெய் ஊத்தாதீங்க, அன்னிக்கே ஈஎன்டி டாக்டர பாருங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயே ஈஎன்டி இருக்கு, மருந்து எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்குறோமோ காது திரும்ப கேக்க அவ்ளோ வாய்ப்பு.