தினம் நாற்பது கிரிக்கெட் பூச்சி போட்டும் பல்லிக்கு எலும்பு வளைவது ஏன்?

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்து ஒரு கல்லூரி மாணவர், துண்டில் சுற்றி பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லி ஒன்றைக் கொண்டுவந்தார். ஐந்து மாதக் குட்டி. கீழ்த்தாடையை விரலால் லேசாக அழுத்தினேன், ரப்பர் மாதிரி வளைந்தது. பின்னங்கால்கள் இழுபட்டன, விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. எக்ஸ்ரேயில் எலும்பைத் தேடத்தான் வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் இது நான்காவது.

"தினமும் நாற்பது கிரிக்கெட் போடுறேன் மேடம். எல்லாம் உயிரோடதான். ஒருநாள்கூட பட்டினி போட்டதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை, வயிறு நிறைந்துதான் இருந்தது. வெள்ளாட்டோடு வெளியே காத்திருந்த பெரியவர், "வேலியில போற ஓணானுக்கு எக்ஸ்ரேவா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"காட்டில் பூச்சியைத்தானே தின்கிறது, உயிருள்ள பூச்சி போட்டால் எல்லாச் சத்தும் கிடைத்துவிடும்." வருகிற எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் இதையேதான் சொல்கிறார்கள். காட்டில் அது ஒரே பூச்சியைத் தின்பதில்லை. வண்டு, எறும்பு, கரையான், இலை, பூ என்று கிடைத்ததைத் தின்கிறது. அந்தப் பூச்சிகளும் எதையெதையோ மேய்ந்திருக்கும். நீங்கள் போடுவது வளர்ப்புக் கிரிக்கெட், அதாவது சுவர்க்கோழி இனம். டப்பாவில் அடைபட்டு, முட்டை அட்டையைக் கடித்துக்கொண்டு, இரண்டு நாள் பட்டினியாக உங்கள் வீட்டுக்கு வருகிறது. அதன் உடம்பில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் ஏழெட்டு மடங்கு அதிகம். பல்லிக்கு வேண்டியதோ நேர்மாறு: பாஸ்பரஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கால்சியம். குறைகிற கால்சியத்தை உடம்பு எலும்பில் இருந்து எடுத்துக்கொள்ளும். நாற்பதை எண்பது ஆக்கினாலும் இந்தக் கணக்கு நேராகாது. மூன்று வேளையும் வெறும் சோறு போட்டுவிட்டு, பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறான் என்று சொல்வது போலத்தான் இது. பூச்சி உயிரோடு இருந்தால் பல்லி துரத்திப் பிடிக்கும், அவ்வளவே. துள்ளுவதால் அதில் சத்து ஏறிவிடாது.

ஆகவே முதலில் கிரிக்கெட்டுக்குச் சாப்பாடு போடுங்கள். பல்லிக்குக் கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது முருங்கைக்கீரை, கேரட், கால்சியம் சேர்த்த தீவனம் வையுங்கள். பாலக்கீரை வேண்டாம், அது கால்சியத்தைக் கட்டிப்போடும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து சாகும், ஈரப் பஞ்சு போதும். அப்புறம், கொடுக்கும் நேரத்தில் ஒரு பையில் கால்சியம் பவுடரோடு பூச்சிகளைப் போட்டுக் குலுக்குங்கள். குலுக்கியவுடன் போட்டுவிட வேண்டும். கிரிக்கெட் தன் உடம்பைத் தானே துடைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் பவுடர் போய்விடும். பவுடர் என்றால் ஊர்வனவற்றுக்கென்றே விற்பது. ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிவிட்டு வந்தார். சுண்ணாம்பு வாயைச் சுட்டுவிடும் ஐயா!

அடுத்த வாதம் வெயில். "வெயிலூரில் இருந்துகொண்டு யுவிபி லைட் எதற்கு?" யுவிபி என்பது வெயிலில் இருக்கிற ஒரு வகைப் புற ஊதாக் கதிர். ஜன்னலோரம் தொட்டி வைத்தால் கண்ணாடி வழியாகச் சூடு வரும், யுவிபி வராது. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு யுவிபி வேண்டும். அதற்காகத் தொட்டியைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் கண்ணாடித் தொட்டி அடுப்புதான். காலை வெயிலில் கம்பிவலைக் கூண்டு, அதில் ஒரு பக்கம் நிழல், கூடவே நீங்கள். முடியாவிட்டால் லைட். லைட் எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யுவிபி நாளாக நாளாகத் தீர்ந்துபோகும். டப்பாவில் போட்டிருக்கும் கெடுவுக்குள் மாற்றுங்கள்.

அந்த மாணவரின் பல்லிக்கு வாலிலும் காயம் இருந்தது. மிஞ்சிய கிரிக்கெட்டுகளை, பசித்தால் தின்னட்டும் என்று இரவு முழுவதும் விட்டுவைத்திருக்கிறார். பசித்தது கிரிக்கெட்டுகளுக்கு. தூங்குகிற பல்லியை அவை கடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்றது போக மிச்சத்தைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பூச்சியின் அளவு, பல்லியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது.

காசு மிச்சம் என்று கத்திரிக் கொல்லை வரப்பில் பிடித்துப் போடுகிறவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். மருந்தடித்த கொல்லையில் பிடித்த பூச்சிக்குள் அந்த மருந்தும் இருக்கும். பேக்மேன் தவளை வளர்ப்பவர்களுக்கும் இதேதான். இகுவானா என்ற பெரிய பல்லிக்குப் பூச்சியே வேண்டாம், அது கீரை தின்னி. நட்சத்திர ஆமைக்கு என்ன போடலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மாணவரின் குட்டி இப்போது கால்சியம் மருந்தில் இருக்கிறது. துடிப்பு நின்றிருக்கிறது. தாடை கெட்டியாகும், ஆனால் கோணல் அப்படியே நிற்கும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். உங்கள் வீட்டுப் பல்லி நடையில் தடுமாறினாலோ, இரையைக் குறிபார்த்துப் பிடிக்க முடியாமல் தவறவிட்டாலோ அன்றைக்கே கொண்டுவாருங்கள். வரும்போது பவுடர் டப்பாவையும் லைட் டப்பாவையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பாதி விடை அவற்றின் மேலேயே அச்சடித்திருக்கும்.