அடங்கலில் உங்கள் வயலுக்கு என்ன பெயர்?

ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினம் பக்கம் எங்கள் அடுத்த வயல்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், புரட்டாசியில் புழுதி விதைப்பாக, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில், நெல் போட்டார். ஒரு சாண் வளர்ந்ததும் மழை நின்றுவிட்டது. கார்த்திகையில் மறுபடி மழை பிடிக்கவும், கருகின பாதியை உழுதுவிட்டு முண்டு மிளகாய் நாற்று நட்டார். மிளகாய்க்குப் பயிர்க் காப்பீடு செய்ய அடங்கல் எடுத்துப் பார்த்தால், அந்தப் புல எண் (சர்வே நம்பர்) முழுக்க 'நெல்' என்று இருந்தது. நாலு நாள் அலைந்து, கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் திருத்தம் கிடைத்தது.

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில், எந்த உட்பிரிவில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு, பாசனமா மானாவாரியா என்று கிராம நிர்வாக அலுவலர் பசலி வாரியாக எழுதும் கணக்கு. பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. நாம் ஏக்கர், சென்ட் என்று பேசுவோம். கணக்கில் ஹெக்டேர், ஏர்ஸ் இருக்கும். ஒரு ஏக்கர் என்றால் சுமார் 0.40.5, அதாவது 0 ஹெக்டேர் 40.5 ஏர்ஸ்.

இந்தப் பதிவுகள்தான் பிர்க்கா (சில வருவாய் கிராமங்கள் சேர்ந்தது), தாலுகா, மாவட்டம் என்று கூட்டப்பட்டு, பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவ மற்றும் பயிர் அறிக்கைக்குப் போகின்றன. ராமநாதபுரத்தில் எத்தனை ஹெக்டேர் மிளகாய் என்று சென்னையில் பேசும் எண்ணுக்கு வேர் நம் ஊர் வரப்பில் இருக்கிறது.

கணக்கில் பயிருக்கு வெறும் பெயர் மட்டும் போதாது, அது எந்த இனம் என்பதும் வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் கணக்கெடுப்புகளுக்காகப் பயிர்களை ஒன்பது தொகுதிகளாகப் பிரித்திருக்கிறது. தானியம், காய்கறி, பழம், எண்ணெய் வித்து, கிழங்கு, வாசனைப் பயிர், பயறு, சர்க்கரைப் பயிர், இவற்றில் சேராத மற்றவை. ஒவ்வொன்றும் அறுத்தபின் மறுபடி விதைக்க வேண்டிய தற்காலிகப் பயிரா, பல வருஷம் நிற்கும் நிரந்தரப் பயிரா என்றும் பார்ப்பார்கள். உச்சிப்புளித் தென்னை நமக்குத் தோப்பு, அங்கே அது நிரந்தர எண்ணெய் வித்து. பருத்தி நார்ப்பயிர் என்று 'மற்றவை'யில் வரும். மிளகாய்தான் விசேஷம். பச்சையாகப் பறித்தால் காய்கறி, களத்தில் காயவைத்து விற்றால் வாசனைப் பயிர். செடி ஒன்றுதான், எதற்காக வளர்க்கிறோம் என்பது இனத்தை மாற்றுகிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய் வற்றலுக்குத்தான் பேர் போனது, அதனால் இரண்டாவது இனம்.

மிளகாய்க்குள் கொத்தமல்லியும் வெங்காயமும் தூவியிருந்தால்? ஒரே பயிராக எழுதிவிடக் கூடாது. எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று மதிப்பிட்டு, பரப்பைப் பிரித்து எழுத வேண்டும்.

இது காகித விஷயம் என்று விட்டுவிட முடியாது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். மிளகாய், பருத்தி போன்ற தோட்டக்கலை, பணப் பயிர்களுக்கு 5 சதவீதம். இழப்பைக் கணக்கிடும் எல்லையும் வேறு: நெல்லுக்கு வருவாய் கிராமம், மற்றதற்குப் பெரும்பாலும் பிர்க்கா. நெல் விளைச்சலைப் பார்க்க, தேர்வான வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு பிடித்து அறுத்து எடை போடுவார்கள். அடங்கலில் நெல், வயலில் மிளகாய் என்றால் இந்த ஏற்பாடு அத்தனையும் தடம் மாறிப்போகும்.

தரிசுக்கும் இனம் உண்டு. இந்த வருஷம் மட்டும் சும்மா கிடந்தால் நடப்புத் தரிசு. அதைத் தாண்டி ஐந்து வருஷம் வரை இதர தரிசு. அதற்கும் மேலே போனால், சாகுபடி செய்யத்தக்க தரிசு. கடலாடி, சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேல் மண்டிய எத்தனையோ நல்ல நிலங்கள் சத்தமில்லாமல் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்துவிட்டன. அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. மரத்தைப் பிடுங்கி விதைத்த வருஷமே அதை விதைப்புப் பரப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கடலுக்குள் வளர்கிற பயிர் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கிற பெண்களின் உழைப்பும் சாகுபடிதான். ஆனால் கடலுக்குப் புல எண் கிடையாது. அது மீன்வளக் கணக்கில் சேரும், உதவிக்கும் மீன்வளத்துறையைத்தான் கேட்க வேண்டும்.

இது தவிர, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வேளாண் கணக்கெடுப்பு வரும். 1970-71-இல் தொடங்கியது, பதினோராவது 2021-22-ஐ ஆதார ஆண்டாகக் கொண்டது. அதில் பட்டா யார் பேரில் என்பதைவிட உழுகிறவர் யார் என்பதே முக்கியம். குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கோ எடுத்து உழுகிறவர்கள், "நிலம் என்னுது இல்லையே" என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். ஒரு ஹெக்டேருக்குக் கீழே என்றால் குறு விவசாயி, இரண்டுக்குள் என்றால் சிறு விவசாயி. நீங்கள் எந்தப் பிரிவு என்பது அங்கேயும் பதிவாகிறது.

சரி, என்ன செய்வது? நட்டு வேர் பிடித்ததும் பட்டா நகலோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, புல எண்ணைச் சொல்லி, என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பயிரை மாற்றி நட்டால் அன்றே சொல்லுங்கள். வயலில் நின்று தேதியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தப்பு இருந்தால் பசலி முடிகிற சமயம் நடக்கும் ஜமாபந்தியில் (கிராமக் கணக்குத் தணிக்கையில்) மனு கொடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் மிளகாய் பறித்து, காய்ந்து, மூட்டையில் ஏறியிருக்கும். வயலில் காட்ட ஒன்றும் இருக்காது.